என் தோளில் இருந்தது பெண் அல்ல

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகனுக்கு மாமனாராகப் போகிற தையல்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் உடல்நலத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. இங்கே நாங்கள் உடல்நலத்தோடு மட்டும் இருக்கிறோம். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் போன் எடுத்தாலே "முகத்தக் காட்டுங்க" என்கிறார்கள். இந்த வாரம் என் முகத்தை ஊரே பார்த்துவிட்டது. இன்னொரு தடவை காட்ட எனக்குத் தெம்பில்லை. ஆகவே கடிதம்.

நீங்கள் பார்த்த அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் நான் ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடுகிறேன். பெண்ணின் கை ஒன்று என் முதுகுப் பக்கம் தொங்கி ஆடுகிறது. கீழே சிவப்பு எழுத்தில், 'பட்டப்பகலில் பெண் கடத்தல்! பதற வைக்கும் காட்சி!' என்று போட்டிருக்கிறது. ஐயா, ஓடுவது நான்தான், மறுக்கவில்லை. மழையும் நிஜம். பெண்தான் நிஜமில்லை. அது என் கடையில் துணி மாட்டி வைக்கிற பொம்மை.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவன் சொந்த மகளின் கல்யாண உடையை அடுத்தவன் கையில் கொடுப்பேனா? அதை நானேதான் தைத்தேன். அளவு சரியாக உட்கார வேண்டுமே என்று பொம்மையின் இடுப்பைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டி, மகளின் அளவுக்குக் கொண்டுவந்தேன். அவள் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று கோபித்துக்கொண்டு போனாள். அது தனிக் கதை. உடையில் பாசிமணி கோர்க்கும் வேலை மட்டும் பாக்கி. அந்த நுணுக்கம் என் வீட்டுக்காரிக்குத்தான் வரும். அவளோ, "உங்க கடை வெளிச்சத்துல எனக்கு ஊசிக் காதே தெரியாது, வீட்டுக்குக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டாள். கழற்றி மடித்தால் மடிப்பு விழும். அதனால் உடையோடு பொம்மையையும் ஒரு போர்வையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெருதான், என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தத் துணியில் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாகக் கறை விழும். இந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டுக்காரர் இருக்கிறார். அவருக்கு 'நேரலை' என்று பெயர் வைத்திருக்கிறோம். குழாய் உடைந்தாலும் சரி, யாராவது வழுக்கி விழுந்தாலும் சரி, முதலில் அவருடைய போன் எட்டிப் பார்க்கும், பிறகுதான் அவர் எட்டிப் பார்ப்பார். அன்றைக்கும் போனை நீட்டிக்கொண்டே, "ஏய், யாருய்யா அது? அந்தப் பொண்ண எங்க தூக்கிட்டுப் போற?" என்று மாடியிலிருந்து கத்தினார். மூச்சிரைக்க நானும் உண்மையைத்தான் சொன்னேன். "எம் பொண்ணு கல்யாணத்துக்குய்யா! நனைஞ்சா எல்லாம் போச்சு!" என்றேன். மழைச் சத்தத்தில் அவர் போனுக்குக் 'கல்யாணத்துக்கு' என்கிற ஒரு வார்த்தை மட்டும்தான் கேட்டதாம். அதனால்தான் சிவப்பு எழுத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், 'கட்டாயக் கல்யாணமா?' என்று வேறு சேர்ந்துகொண்டது.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. மருந்துக்கடை முனையில் கால் வழுக்கியது. நான் சமாளித்துக்கொண்டேன், பொம்மையின் தலை சமாளிக்கவில்லை. அது கழன்று உருண்டுபோய், கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு அம்மாவின் காலடியில் நின்று, அவரை அண்ணாந்து பார்த்தது. அந்த அம்மா அலறினார். அலறுகிறவர் ஓடிப்போவார் என்றுதானே நினைப்போம்? அவர் அலறிக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்து, அலறிக்கொண்டே படம் பிடித்தார். "ஒண்ணுமில்லம்மா, மறுபடி மாட்டிக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் தலையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். அந்த ஆறுதலும் படத்தில் வந்திருக்கிறது. அது என் பக்கம் பேசவில்லை. வழி நெடுக ஜன்னலிலும் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் குடை பிடிக்க ஒரு கை நீளவில்லை. நீண்ட கையிலெல்லாம் போன் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்து, என் வீட்டுக்காரி ஊசியில் நூல் கோர்க்கிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். போலீஸ்காரர் ஒருவர் நின்றார்.

"அந்தம்மா எங்க?"

"அம்மா இல்லீங்க, பொம்மை."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான்யா சொல்றீங்க."

என் வீட்டுக்காரிக்கு வந்ததே கோபம். விறுவிறுவென்று போய்ப் பொம்மையின் இடது கையைத் திருகிக் கழற்றி எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, விசாரிக்கணும்னா இத விசாரிங்க. வலது கையக் கேக்காதீங்க, அதுல பாசி வைக்கணும்."

அவர் கையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "தப்பா நெனைக்கலன்னா இதோட ஒரு படம் எடுத்துக்கட்டுமா? வீட்ல காட்டணும்" என்றார். தொப்பியைச் சரி செய்துகொண்டு பொம்மையின் பக்கத்தில் விறைப்பாக நின்றார். எடுத்துக் கொடுத்தது நான்தான்.

படம் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சம்பந்தி. அது பொய் சொல்லவில்லை, அதுதான் என் கஷ்டம். நான் ஓடினேன், கை தொங்கியது, தலை விழுந்தது, எல்லாம் நடந்ததுதான். நடந்ததை அப்படியே காட்டியே நடக்காததை நம்ப வைக்கலாம் என்று இப்போதுதான் கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொல்லி மகள் என்னைப் பொம்மையோடு நிற்க வைத்து இன்னொரு படம் எடுத்துப் போட்டாள். முதல் படம் ஊரெல்லாம் போய்விட்டது. இந்தப் படத்தை என் வீட்டுக்காரி மட்டும்தான் பார்த்தாள், அவளும் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நேரலை மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே வந்தார். கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. "மன்னிப்புக் கேக்குறதையும் எடுத்துக்குறேனே, நல்லாருக்கும்" என்றார். "பொம்மைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா கீழ எறங்கி வந்து கிட்டத்துலயே எடுத்திருப்பேன்" என்று என் மீது குறையும் பட்டுக்கொண்டார்.

கடையில் கூட்டம் குறையவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. காலேஜ் பெண்கள் கும்பலாக வந்து பொம்மையின் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள். "கடத்தினீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு தைங்க அங்கிள்" என்று அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் படம் வெளிவந்த நாளிலிருந்து உங்கள் வீட்டிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. அதுதான் எங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. நேற்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "பேசலன்னா போகட்டும்ப்பா. ஒரு பொம்மைக்கே பயப்படுற வீட்ல நான் எப்படி இருப்பேன்?" என்று நன்றாகச் சிரித்தாள். பிறகு அந்த உடையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தகப்பனாக என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓடினது நான், அவள் இல்லை. அந்த உடை அவள் மேல் எப்படி உட்காரும் என்பதை நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடும்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கமும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியும் உரித்தாகட்டும். உங்கள் வீட்டில் எந்நேரமும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும், என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக இருந்தாலும் சரி.

தங்கள் அன்புள்ள,
வருங்காலச் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். சம்பந்தி அம்மாள் இப்போதுதான் பேசினார்களாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது உங்கள் போன் சுண்ணாம்பு வாளிக்குள் விழுந்துவிட்டதாம். அதனால்தான் பேச முடியவில்லையாம். எந்தப் படத்தையும் நீங்கள் யாரும் பார்க்கவே இல்லையாம். மிகவும் மகிழ்ச்சி. இவ்வளவு எழுதியதைக் கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அனுப்புகிறேன், தயவுசெய்து இந்தப் பின்குறிப்பை மட்டும் படியுங்கள், மேலே இருப்பதைப் படிக்க வேண்டாம். எந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக அதில் ஒரு காட்சியைத் தாளில் பிரதி போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, என் முகம் அதில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.