குடமும் கருகிய பயறும்

பயறு அடிப்பிடிக்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கைகள் தாமாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். ஓட்டலில், கல்யாண வீட்டில், ஒருமுறை ரயில் பெட்டியில்கூட. பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்துக்கொள்வார்கள். (என் மனைவி சரசு மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள்.)

கொரோனா ஊரடங்கில் களியக்காவிளையில் தமிழக-கேரள எல்லையை மூடியபோது, சரசு நாகர்கோவிலில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டாள். நான் திருவனந்தபுரம் ஃபிளாட்டில் ஒற்றை ஆள். வசன கவிதை எழுதுகிறவனுக்குத் தனிமை ஒரு வரம் என்று அதுவரை நாலு மேடையில் முழங்கியிருக்கிறேன். வரம் முதல் வாரத்திலேயே கசந்தது. சுவரோடு பேசினேன். மேசை விசிறியோடு பேசினேன். எதைச் சொன்னாலும் இல்லை இல்லை என்று தலையாட்டியது.

சாயங்காலம் ஆனால் எதிர் பிளாக் லீலா டீச்சர், பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பால்கனியில் வந்து நின்று சுருதி பிடிப்பார். பிறகு ஒவ்வொரு பால்கனியாகப் பாட்டு பற்றிக்கொள்ளும். மலையாளம், தமிழ், சாமி நாமம், தாலாட்டு என்று கணக்கே இல்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்பேன். எனக்குப் பாட வராது. ஆனாலும் யாராவது என்னையும் கூப்பிட மாட்டார்களா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எவர்சில்வர் குடத்தை மடியில் வைத்துத் தட்டிவிட்டேன். பாட்டு சட்டென்று நின்றது.

"ஆரா அது கொட்டுனது?" டீச்சரின் குரல்.

"நான்தான் டீச்சர். தெரியாம..."

"தாளம் உண்டல்லோ சாரே! நாளைக்கு வெளியில வந்து இரிக்கணும், கேட்டோ!"

மறுநாள் ஜிப்பா என்ன, திருநீறு என்ன! ராத்திரிக் கஞ்சிக்குப் பயறை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பால்கனிக்கு வந்தேன். இரண்டு பாட்டுக்குள் வெந்துவிடும், நடுவில் எழுந்துபோய் அணைக்கலாம் என்பது திட்டம்.

மூன்றாவது பாட்டில் கண்ணை மூடினேன். அங்கேதான் விபரீதம். விரல்கள் ஓடின, குடம் அதிர்ந்தது, நான் கரைந்தே போனேன். எதிரே ஏதோ ஆரவாரம். குடத்தின் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பாராட்டுகிறார்கள்! இன்னும் வேகமாக அடித்தேன். ஆரவாரம் அலறலாக உயர்ந்தது. சபை வெறிகொண்டுவிட்டது! அப்போது உச்சந்தலையில் குளிர்ந்த நீர் கொட்டியது. மழை! என் தாளத்துக்கு இரங்கி வானமே இறங்கிவிட்டது! நான் முகத்தை அண்ணாந்து கொடுத்தேன்.

மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸுடன் மாடி வீட்டுத் தோமாச்சன் நின்றார்.

"மழையில்ல சாரே! பின்னால நோக்கு! அடுக்களை முழுக்கப் புகை!"

ஓடிப்போய் அணைத்தேன். பயறு கரியாகியிருந்தது, பாத்திரம் அதற்கும் மேல். சமையலறைச் சுவரில் ஆளுயரக் கறுப்பு. எதிர் பிளாக் முழுவதும் வேடிக்கை பார்க்க, பால்கனிக் கதவைச் சாத்தினேன். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவும் செய்தேன்.

சேதி எப்படியோ எல்லை தாண்டிவிட்டது. போனில் சரசு, "ஏங்க, உங்க கச்சேரிக்குத் தீயணைப்பு வண்டி வந்துச்சாமே?"

"வரல."

"வந்திருந்தா நாலு பேராவது கூடியிருப்பாங்க."

மறுநாள் சாயங்காலம் பாட்டு கேட்கவில்லை. என்னால் இதுவும் போயிற்றே என்று நெஞ்சு கனத்தது. மெல்லக் கதவைத் திறந்தேன். எல்லா பால்கனியிலும் ஆட்கள். பாடாமல் என் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடியிலிருந்து கயிற்றில் ஒரு தூக்குச்சட்டி என் மூக்குக்கு நேராக இறங்கியது. உள்ளே சூடாகக் கஞ்சி, பயறு.

"குடம் இல்லாம எப்படித் தொடங்கறது?" என்ற டீச்சர் கையை உயர்த்தினார். பிளாக் முழுக்க ஒரே குரலில் கேட்டது: "சாரே, அடுப்ப அணைச்சோ?"

"அணைச்சாச்சு!" என்று கத்தினேன். என் வீட்டிலிருந்து அத்தனை சத்தமாக ஒரு வார்த்தை வெளியே போய் எவ்வளவு காலமாகியிருந்தது! அன்று முதல் எங்கள் பாட்டுக்கு அதுவே கடவுள் வாழ்த்து. தூக்குச்சட்டியும் நிற்கவில்லை. சரசு திரும்பி வந்தபோது என் ஜிப்பாதான் நின்றுவிட்டது, வயிற்றுக்கு மேலே.

போன மாதம் லீலா டீச்சர் மகள் வீட்டோடு இருக்கத் திருச்சூருக்குக் கிளம்பினார். சரசு, "பால் அடுப்புல இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பழவங்காடிப் பிள்ளையாரைப் பார்க்கப் போயிருந்தாள். நான் கீழே வந்து காரருகே நின்றேன். தொண்டையில் ஒரு முழுக் கவிதை திரண்டு நின்றது. கார் உறுமியது. டீச்சர் கண்ணாடியை இறக்கினார். கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டுவிட்டார்:

"சாரே, அடுப்ப அணைச்சோ?"