மூன்றாவது குவியல்

குண்டனி நாடு,
கொல்லிமலை.
1958, ஐப்பசி மாதம், வியாழக்கிழமை இரவு.

சிரஞ்சீவி தம்பி அர்த்தனாரிக்கு அக்காள் பழனியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

ஈரத் தினையை மண் ஓட்டில் போட்டுச் சூடு காட்டினால், வெறுமனே ஈரம் போன தினை எந்த நொடியில் வறுத்த தினையாகிறது? எனக்குத் தெரியவில்லை. சென்னையில் படித்துப் பட்டம் வாங்கி, கால் நூற்றாண்டாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள், ஐம்பதை நெருங்கும்போது இப்படி ஒரு வாக்கியத்தை எழுத வேண்டியிருக்கிறது. நாளைக் காலை அம்மன் கோயில் வாசலில் நான் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ இதைப் பற்றியே பாடப்புத்தகம் எழுதியவன். ஆனால் இந்தக் கடிதம் தபால்காரரோடு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, சேலம் வந்து, உன் பதில் மலையேறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் இதை உதவி கேட்கும் கடிதமாக நினைக்காதே. புலம்பல் என்று வைத்துக்கொள்.

இவ்விடம் நான் சளியோடு சௌக்கியம். அவ்விடம் நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சளியில்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு அச்சுப் பிரதி அனுப்பி, 'பௌதிக மாறுதலும் ரசாயன மாறுதலும் என்ற பாடத்தை நடத்திப் பார்த்துச் சொல்லு அக்கா' என்று எழுதியிருந்தாய். நடத்தினேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முதல் உதாரணமாகப் பனிக்கட்டி உருகுவதைக் காட்டச் சொல்கிறாய். இந்த மலையில் பனிக்கட்டிக்கு நான் எங்கே போவேன்? இங்குள்ள குழந்தைகளுக்குப் பனி என்றால் காலையில் பாதையை மறைக்குமே அதுதான். சரி, அடுத்த உதாரணம், சர்க்கரையை நீரில் கரைத்துக் காய்ச்சிச் சர்க்கரையைத் திரும்ப எடுப்பது. அதற்கென்று நீ கொடுத்தனுப்பிய பீங்கான் கிண்ணம் நான் மலையேறும்போதே உடைந்துவிட்டது. உடைந்தாலும் பீங்கான் பீங்கான்தான், ஆகவே அது பௌதிக மாறுதல். ஆனால் 'பௌதிக மாறுதலில் பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்' என்று நீ தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். துண்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்து காட்டு.

கிண்ணம் இல்லாததால், நான் குடியிருக்கும் வீட்டுக்காரி பெருமாயியிடம் ஒரு மண் ஓடு இரவல் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அதில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, 'நீர் ஆவியாகிறது, சர்க்கரை மீண்டும் கிடைக்கிறது' என்று கரும்பலகையில் அழகாக எழுதத் தொடங்கினேன். என் கையெழுத்துமீது எனக்கு உள்ள கர்வம் உனக்குத் தெரியும். அன்று அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மூக்கு அடைத்திருந்ததால் வாசனை எதுவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுக்கப் புகை, ஓட்டின் அடியில் கருப்பாக ஏதோ குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது, குழந்தைகள் மரியாதையாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இதுதானுங்களா திரும்பக் கெடச்ச சக்கரை?" என்று கேட்டாள். "இல்லை கண்ணு, இது ரசாயன மாறுதல், அதைக் காட்டத்தான் விட்டுவைத்தேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஓட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பெருமாயியிடம் திருப்பிக் கொடுத்தேன். நான் பாத்திரம் தேய்க்கும் அழகைப் பற்றி அம்மா என்ன சொல்வாள் என்பது உனக்கு நினைவிருக்கும்.

இனி இந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுத் தினை அறுத்ததும் முதல் தினையை இடித்து மாவாக்கி, தேன் விட்டு உருண்டை பிடித்து அம்மனுக்கு வைத்த பிறகுதான் ஊரில் மற்றவர்கள் புதுத் தினையை வாயில் வைக்கலாம். அந்தத் தினை பச்சையாக இருக்க வேண்டும், வறுத்ததாக இருக்கக்கூடாது. வருடத்துக்கு ஒரு வீட்டு முறை. இந்த வருடம் பெருமாயி வீட்டு முறை. ஒரு சுற்று வந்து சேர ஒரு தலைமுறை ஆகிவிடுகிறது. இவள் மாமியார் முறை வராமலே கண்ணை மூடிவிட்டாளாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெருமாயி இதற்குக் காத்திருக்கிறாள். அவள் தினை சரியில்லை என்று தீர்ப்பானால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு அவளுடைய கொழுந்தனின் மனைவி, அதாவது ஓரகத்தி கண்ணாயி வீடு.

இந்த ஐப்பசியில் வெயில் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். தினை காயவில்லை. காயாத தினை உரலில் உமி கழலாது. நேற்று பெருமாயி தினையை ஓட்டில் போட்டு அடுப்பில் காட்டினாள். பிறகு நடந்தது இன்று காலை எனக்குத் தெரியவந்தது. ஊர்க்கவுண்டர் குழந்தைவேல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஒரு சாமான் மாறிப்போச்சா, மாறாம இருக்குதான்னு கண்டுபுடிக்கற வித்தைய நீங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களாமே?"

"வித்தை ஒன்றுமில்லைங்க, பாடம்தான்" என்றேன்.

"அந்தப் பாடத்தைத்தானுங்க கோயிலு வாசல்ல வந்து ஒருக்காச் சொல்லோணும்."

அம்மனிடம் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். உன் புத்தகத்திடம் இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன், வக்கீல் மாதிரி. கோயில் வாசலில் ஒரு முறம் நிறையத் தினை, அதன் இந்தப் பக்கம் பெருமாயி, அந்தப் பக்கம் கண்ணாயி, சுற்றிலும் ஊர்.

"நா ஈரத்தத்தானுங்க ஓட்டுனேன். வறுக்கல" என்றாள் பெருமாயி.

"ஈரத்துக்கு ஏதக்கா வாசம்? எங்க ஊட்டுக்குள்ள உக்காந்திருந்த எம்மூக்குக்கு வந்துச்சு" என்றாள் கண்ணாயி.

"உம்மூக்கு முள்ளுக்குறிச்சியில கருவாடு சுட்டாலே இங்கிருந்து சொல்லும். அந்த மூக்க நம்பி எம்மொறைய உடச் சொல்றயா?"

'புதிய மணம் தோன்றுதல் ரசாயன மாறுதலின் அறிகுறி' என்று நீ எழுதியிருக்கிறாய். அதாவது கண்ணாயியின் மூக்குக்கு உன் புத்தகத்தின் ஆதரவு இருந்தது. நானே பார்த்துவிடலாம் என்று குனிந்து முறத்தை மோந்தேன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றும் ஏறவில்லை. "எனக்கு எதுவும் தெரியவில்லை" என்றேன். "வாசமில்லீன்னு டீச்சரம்மாளே சொல்லிப்போட்டாங்க!" என்று பெருமாயி கையைத் தட்டினாள். எனக்குச் சளி என்று விளக்க வேண்டியதாயிற்று. "மூக்கடைச்சவங்களக் கூட்டியாந்து மோக்கச் சொன்னா வெளங்கும்" என்று கண்ணாயி மெதுவாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, மூக்கு போனால் போகட்டும் என்று உன் தடித்த எழுத்துக்குப் போனேன். பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிகம். "இந்தத் தினையைத் தண்ணீரில் போட்டால் மறுபடியும் ஈரத் தினையாகிவிடும். ஆகவே மாறவில்லை" என்றேன். எனக்கே அது நன்றாகத்தான் பட்டது. குழந்தைவேல், "வறுத்த தினையத் தண்ணியில போட்டாலும் ஈரமாத்தானுங்க ஆகும்?" என்றார். தம்பி, அந்த இடத்தில்தான் நான் உன் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன். வைத்தபோதுதான் எனக்கு அந்த ஓடு ஞாபகம் வந்தது. நேற்று தினை காய்ந்தது செவ்வாய்க்கிழமை நான் சர்க்கரையைக் கருக்கிய அதே ஓட்டில். அப்படியானால் கண்ணாயி முகர்ந்தது தினையாக இல்லாமல் என் பாடமாக இருக்கலாம் அல்லவா? பெருமாயியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷத்தோடு அதை உரக்கச் சொன்னேன். உடனே கண்ணாயி, "அப்போ சாமி தினையில கருகுன சக்கரையும் சேந்து கெடக்குதா!" என்றாள். பெருமாயி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. நான் இன்னமும் அவள் வீட்டில்தான் குடியிருக்கிறேன்.

தோற்றவர்கள்தான் பெரிய யோசனைகளைச் சொல்வார்கள் போலிருக்கிறது. முறத்தை உற்றுப் பார்த்தபோது அடியில் சில மணிகள் பொரிந்திருப்பதையும், சில சிவந்திருப்பதையும், மற்றவை பொன்னிறமாகவே இருப்பதையும் கண்டேன். "இது கலவை! கலவையைப் பிரித்தெடுக்கலாம். மாறின மணியைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மீதி பச்சைத் தினைதான்" என்று அறிவித்தேன். தினை மணி எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியுமல்லவா? ஊர்ப் பெண்கள் எல்லோரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெருமாயி ஏமாற்றிவிடக் கூடாதே என்று கண்ணாயியும் உட்கார்ந்தாள், கண்ணாயி ஏமாற்றிவிடக் கூடாதே என்று பெருமாயி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன். மாறாதது ஒரு குவியல், மாறியது ஒரு குவியல். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒருத்தி ஒரு மணியை நீட்டி, "இது எதுலீங்க டீச்சரம்மா?" என்றாள். பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. "இப்போதைக்கு இதைத் தனியாக வை" என்றேன். அவ்வளவுதான். மூன்றாவது குவியல் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த மணிகள் எல்லாம் அதிலேயே போய் விழுந்தன. சாயங்காலம் பார்த்தால் மாறாத குவியல் ஒரு எலுமிச்சம்பழம் அளவு, மாறிய குவியல் அதைவிடச் சிறிது, சந்தேகக் குவியல் கிட்டத்தட்ட முறம் முழுவதும்.

"நாளைக்கிக் காலைல வாரேனுங்க. அந்தப் பெரிய குமியல் எதுன்னு நீங்க சொல்லிப்போடுங்க. பச்சைன்னா சாமிக்கு, வறுத்ததுன்னா ஊட்டுக்கு. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று குழந்தைவேல் போய்விட்டார். பெருமாயி எனக்கு ராத்திரிச் சோற்றை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க ஒண்ணும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாஞ் சாமி. அடுத்த சுத்துல நா இல்லீன்னாலும் எவளாவது வெப்பா" என்றாள்.

ஆகையால் தம்பி, உன் பாடத்தில் செய்ய வேண்டிய திருத்தங்கள்: பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்ற தடித்த எழுத்தை எடுத்துவிடு. புதிய பொருள் உண்டாகிறதா என்பதுதான் கேள்வி என்று போடு. மணம், நிறம் இவை குறிப்புகள்தான், சாட்சிகள் அல்ல என்று எழுது. இரண்டு வகைக்கும் நடுவில் மூன்றாவதாகச் 'சொல்ல முடியாத மாறுதல்' என்று ஒரு தலைப்புச் சேர். நாளைக்கு நானும் அதையே சொல்வதென்று தீர்மானித்துவிட்டேன். 'எனக்குத் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்திலேயே ஒரு மூலையில் குடித்தனத்தை மாற்றிக்கொள்ளப் போகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், அப்பாவின் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
பழனியம்மாள்.

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை. தபால்காரர் இன்று வரவில்லை, ஆகவே நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் என் மூக்குத் திறந்துவிட்டது. கோயில் வாசலை நெருங்கும்போதே வாசனை வந்தது. கருகின சர்க்கரை இல்லை, தினை, நன்றாக வறுபட்ட தினை. எலுமிச்சம்பழக் குவியல்கூட அப்படித்தான் மணத்தது. 'எனக்குத் தெரியவில்லை' என்பது ஒரே இரவில் பொய்யாகிவிட்டது. குழந்தைவேல், "மாறிப்போச்சுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார். பெருமாயி கோடிச் சேலை கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். என் வாயில் ஒரு கேள்விதான் வந்தது: "எல்லார் வீட்டு மேலேயும் ஒரே மழைதானே பெய்தது? மற்றவர்களெல்லாம் தினையை எப்படிக் காயவைத்தீர்கள்?" இதை வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

முறை தனக்கு வந்துவிடும் என்று இடுப்பில் ஒரு கூடையோடு வந்திருந்த கண்ணாயி, அதை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளினாள். பெருமாயி பாய்ந்து கூடையை மூடியிருந்த துணியை இழுத்தாள். உள்ளே இருந்த தினை பெருமாயியுடையதைவிட இன்னும் சிவப்பு. "உன்னுதுக்குச் சந்தேகக் குமியலே வேண்டாம் போலிருக்குதே, புள்ள!" என்றாள் பெருமாயி. முதலில் சிரித்தது கண்ணாயிதான். குழந்தைவேல் தன் வீட்டுத் தினையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழையக் குடுத்தவளே அவதான். கேக்க மாட்டா. இடிங்க" என்றார். மூன்று குவியலையும் ஒரே உரலில் கொட்டி ஓரகத்திகள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இடித்தார்கள். முதல் உருண்டையைப் பெருமாயி அம்மன் முன்னால் வைத்தாள்.

திருத்தங்களை எல்லாம் அடித்துவிடு, உன் புத்தகம் பழையபடியே இருக்கட்டும். குடித்தனத்தையும் நான் மாற்றவில்லை. எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்கள். சந்தேகமே இல்லை, வறுத்த தினைதான். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.