பேட்டரி மாமாவின் இரண்டாவது மிஷின்

பிள்ளைகளே, கூட இருப்பவர்களை வெட்கப்பட வைப்பதற்கென்றே பினாங்கில் ஒருவர் பிறந்திருக்கிறார் என்றால், அது என் அக்கா கணவர்தான். சோர்ந்துபோன இதயத்தை ஓட வைக்க நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து ஜார்ஜ்டவுனே அவரைப் பேட்டரி மாமா என்றுதான் கூப்பிடுகிறது.

அதை மறைத்துக்கொள்ளும் ஆளா அவர்? தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் சட்டையில்லாமல் நின்று, "தொட்டுப் பாருங்கலா, தீப்பெட்டி மாதிரி இருக்கும்!" என்று பினாங்குக்காரர்களின் 'லா' போட்டுப் போகிறவர் வருகிறவரை எல்லாம் அழைப்பார். என் கல்யாணத்தில், ஒலிபெருக்கியிலுள்ள காந்தம் நெஞ்சு மிஷினுக்கு ஆகாதென்று அலறி, அதைப் பெண் வீட்டார் பக்கம் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து என் மாமனாருக்கு ஒரு காது மந்தம்.

சென்ற ஆண்டு டாக்டர் எங்களை அழைத்தார். தமிழ்ப்பெண், சின்ன வயது. மாமாவின் இதயம் தாறுமாறாகத் துடிப்பதால், அதன் இடப்பக்கத்துச் சிறு பையில் இரத்தம் கட்டலாம். கட்டியது மூளைக்குப் போனால் பக்கவாதம். கட்டாமலிருக்க மாத்திரை கொடுத்தால் வயிற்றில் இரத்தம் கசிகிறது. ஆகவே தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாகப் போய், அந்தப் பையின் வாயை ஒரு மூடியால் அடைத்துவிடலாம் என்றார்.

மாமா நெஞ்சைப் பொத்திக்கொண்டார். "டாக்டர், மூத்தவ உள்ள குடியிருக்கா. இளையவளக் கூட்டிட்டு வந்தா சும்மா இருப்பாளா?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் வேற வேற ரூம், அங்கிள். ஆனா போற வழியில மூத்தவளோட வயர் இருக்கு. அதுல படாம, எக்ஸ்ரே படம் பாத்துக்கிட்டே போவோம். மிஷின சிகிச்சைக்கு முன்னாடியும் பின்னாடியும் செக் பண்ணுவோம். மிஷின் வச்சவங்களுக்கும் இத செய்யுறோம். ஆபத்தே இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"வயர் கழண்டா வாரண்டி உண்டா?"

"மாமா, வாய மூடுங்க!" என்றேன்.

மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்றிருந்தது.

"எங்கப்பாவுக்கு வந்ததும் பக்கவாதம்தான் மச்சான். வாய அசைப்பாரு, சத்தமே வராது. மிஷின் போனாக்கூடப் பரவால்லலா, பேச்சு போயிறக் கூடாது. செஞ்சிரலாம்."

அவரை வாயை மூடச் சொன்ன நாக்கை எங்கே ஒளித்து வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சிகிச்சை முடிந்தது. மூடி சரியாக உட்கார்ந்துவிட்டது, பழைய மிஷினும் ஒழுங்காக ஓடுகிறது என்றார் டாக்டர். ஆனால் வார்டில் மாமா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அக்கா கூப்பிட்டார், பதில் இல்லை. நான் கூப்பிட்டேன், உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அழுதே விட்டேன்.

"மாமா, ஏதாவது கத்துங்க மாமா..."

"மிஸ்ஸி!" என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி நர்ஸைக் கூப்பிட்ட மாமாவின் குரல் வார்டின் கடைசிக் கட்டில்வரை போனது. "எம் மச்சானுக்கும் ஒரு கட்டில் போடுங்கலா! அழுதே செத்துருவான் போல!"

வார்டு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.