பச்சை வயரும் எர்த்து அண்ணனும்

போடிநாயக்கனூரில் இன்று கையும் காலுமாக நடமாடுகிற பாதிப் பேர், எர்த்து அண்ணன் புண்ணியத்தில்தான் நடமாடுகிறார்கள். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். மீதிப் பாதி? "அவுக இன்னும் என்னைய வீட்டுக்குக் கூப்புடல. தலையெழுத்து!"

எலக்ட்ரீசியன். சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருக்கலாம், ஊருக்குத் தெரியாது. கரண்டு ஒழுகினால் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிற அந்த மூன்றாவது வயர், எர்த்து, அதுதான் அவருக்கு உயிர். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாயைப் புதைத்து, அது காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். எதிரே வருகிறவனை நாமெல்லாம் "சாப்ட்டியா?" என்று கேட்போம். அவர் "குழிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்பார். வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, துக்க வீடு போலிருக்கிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

எங்கள் தெரு வாத்தியார் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். எல்லோரும் குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம் என்று கொண்டுவந்தால், இவர் ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் கொண்டுவந்தார். மங்களமான பொருள் ஆயிற்றே என்று வாத்தியார் மனைவி உப்பு மூட்டைக்குப் பொட்டு வைத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார். கரியைப் பார்த்ததும்தான் பதறினார்.

"நல்ல நாளும் அதுவுமா கரியக் கொண்டாந்துருக்கீகளேண்ணே!"

"ஆத்தா, அந்த உப்பையும் கொண்டா. ரெண்டும் சேந்தாத்தான் வேல செய்யும்."

ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, பொட்டு வைத்த மூட்டை கொல்லைக் குழிக்குள் போயிற்று.

குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கு மோட்டார் மாட்டப் போனார். சுவரில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது என்று, அங்கே பிளக்கின் மூன்றாவது முள்ளை நறுக்கி எறிந்திருந்தார்கள். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "குழி தோண்டுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது." முதலாளி கெஞ்சினார், ஜீப்பு டிரைவர் கெஞ்சினார். ம்ஹூம்! கடைசியில் கொட்டுகிற மழையில் முதலாளியே மண்வெட்டி பிடித்தார். அதற்கப்புறம் அண்ணன் ஒரு சட்டி கப்பைக்கிழங்கைத் தனியாளாகக் காலி செய்தது வேறு கதை.

இப்பேர்ப்பட்ட ஆளைப் பக்கத்துத் தெருவில் வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற என் மகள் மலர் போனில் கேட்டாள்: "அப்பா, நான் மொதமொதல்ல தட்டிப் பழகுன கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா? சனிக்கிழமை வர்றேன், ஓட்டிப் பாக்கணும்." மலையை விட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜர் விட்டுச் சென்ற பழைய யந்திரம் அது. பரணிலிருந்து இறக்கினேன். அதற்குக் கரண்டு கொடுக்கிற இரும்புப் பெட்டியின் வயரை எலி கடித்துத் துப்பியிருந்தது. கழற்றி மாட்டுகிற வயரும் இல்லை, பெட்டிக்குள்ளேயே முடுக்கி வைத்தது.

அண்ணனைக் கூப்பிட்டால் முதலில் என் வீட்டுக் குழியைத்தான் பார்ப்பார். அதில் தண்ணீர் ஊற்றி எத்தனை மாசமோ! பயந்துபோய், பிளக்கோடு சேர்ந்த புது வயர் வாங்கிவந்து நானே மாற்றிவிட்டேன். பழையதில் எந்த நிறம் எங்கே இருந்தது என்று பார்த்து வைக்கிற புத்தி இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. சரி, திட்டு வாங்கியே தீர வேண்டும் என்று அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். சுவிட்சை அணைக்கவில்லை.

பஸ்சில் வந்த மலரும் அவரும் ஒன்றாகத்தான் வாசலில் நின்றார்கள். வந்த புள்ள காலைக் கழுவிக்கொண்டு ஈரக்காலோடு உள்ளே ஓடினாள். "ஐ, நம்ம கம்ப்யூட்டர்!" என்று அந்த இரும்புப் பெட்டி மேல் கையை நீட்டினாள்.

"தொடாத ஆத்தா!"

அப்படி ஒரு சத்தத்தை அந்த மனிதரிடம் நான் கேட்டதே இல்லை. அவர் கண் முதலில் சுவிட்ச் போர்டுக்குத்தான் போயிருக்கிறது. மலர் அப்படியே நின்றாள். விரலுக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இருக்கும். அவர், கரண்டு இருந்தால் எரிகிற டெஸ்டரைப் பெட்டியில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ஏன்டா மாப்ளே, எர்த்துப் பச்சையக் கொண்டுபோயி பியூசுல மாட்டிருக்க?"

"பச்சதானேண்ணே மொதத் தரம்..."

முப்பது வருசமாக ஏலக்காய் தரம் பிரித்த புத்தி. வேறென்ன சொல்ல?

"கரண்டு என்ன ஏலக்காயாடா? சரி, கரண்டு வர்ற செவப்ப எதுக்குப் பெட்டி ஒடம்புல முடுக்குன?"

"நெறம் மாறுன காய ஒதுக்கித்தானண்ணே வைப்போம்..."

மலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கொல்லைக்குப் போய் நாலு குடம் தண்ணீரைக் குழியில் கொட்டிவிட்டு வந்தார். அப்புறம் ஒவ்வொரு வயராகப் பிரித்து மாட்டினார். பச்சையை மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாக விட்டார்.

"எதுக்குப் பெரியப்பா அது மட்டும் நீளம்?" என்றாள் மலர்.

"எவனாச்சும் இழுத்துப்புட்டா, மத்த ரெண்டும் மொதல்ல அந்து போகணும் ஆத்தா. இது கடைசியாத்தான் விடணும்."

மூடி போட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டு, பெட்டியில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. நான் மலரைக் கூப்பிட்டேன்.

"இரு ஆத்தா" என்றார். சுவிட்சை அணைத்துவிட்டு ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் நின்ற அதே ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, இரண்டு உள்ளங்கையையும் பெட்டி மேல் பதித்தார்.

"போடு மாப்ளே."

போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார். கொஞ்சம் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"ம்... இப்ப வந்து தொடு ஆத்தா."

மலரை மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கிருக்கிற உரிமையில் பாதியை அன்றைக்கே அவருக்குக் கொடுத்துவிட்டேன். நேரில் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.