முப்பத்தெட்டாவது மாடியில் அண்ணாச்சி

கண்ணாடி இருக்க வேண்டும், ஆனால் இருப்பது தெரியக்கூடாது என்று சொல்கிற முதலாளியிடம் யாரும் வேலைக்குச் சேராதீர்கள். நான் சேர்ந்தேன்.

அடையாற்றில் நாற்பது மாடிச் சொகுசுக் குடியிருப்பு ஒன்றை எங்கள் அலுவலகம் வடிவமைத்துக்கொண்டிருந்தது. நிலமும் பணமும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியுடையவை. முப்பத்தெட்டாவது மாடியைத் தன் குடும்பத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார். அந்த வீட்டின் பால்கனி என் பொறுப்பு. (கட்டடக்கலை படித்தால் முழுக் கோபுரத்தையும் வரையலாம் என்று நம்பியவளுக்குக் கிடைத்தது ஒரு பால்கனி.) மயிலாப்பூர்க்காரரான என் முதலாளி அதன் கண்ணாடித் தடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார். மெலிதாக்கினேன். கைப்பிடியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

"இன்னும் கண்ணுல படறதேம்மா. கடலுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணுமே தெரியப்படாது" என்றார்.

அலுத்துப்போய், கணினியில் தடுப்பை மொத்தமாக மறைத்துவிட்டேன். இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்தார்.

மறுநாள் அண்ணாச்சி மனைவியோடு வந்தார். கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்க வைக்கும் வி.ஆர். கருவியை அவர் கண்ணில் மாட்டினேன். வரவேற்பறையைப் பார்த்துத் தலையாட்டினார். பூஜை அறையைக் கும்பிட்டார். அப்படியே நேராகப் பால்கனிக்கு வாங்க என்று நானே அழைத்தேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

வந்தவர் குனிந்து பார்த்தார். அடுத்த நொடி தரையில் மண்டியிட்டு, கைக்குக் கிடைத்த என் துப்பட்டாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, விட்டுராத. விழுந்துருவேன்."

நீங்கள் எங்கள் அலுவலகத் தரையில்தான் இருக்கிறீர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே? என் முதலாளியோ, கடல் தெரிகிறதா என்று அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணாச்சியின் மனைவிதான் எழுந்து வந்து கருவியை உருவினார்.

"இவுக கடையில மொட்டை மாடிக்கே ஏற மாட்டாக. இவுகளுக்கு முப்பத்தெட்டாவது மாடி கேக்குது."

அண்ணாச்சி என் துப்பட்டாவிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அப்போதும் என் கழுத்தில்தான் இருந்தது. திட்டத்தையே கைவிட்டுவிடுவாரோ என்று முதலாளி வெளிறிப்போனார். அவர் கைவிடவில்லை, அதுதான் இன்னும் மோசம். எல்லா மாடியிலும் நெஞ்சுயரத்துக்குச் சுவர், அதற்குமேல் இரும்புக் கம்பி என்று உத்தரவிட்டுவிட்டு, தனக்கு முதல் மாடி போதும் என்றார். கண்ணாடியையே பொறுக்காத முதலாளி, கம்பிக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். நாற்பது மாடிக்கும் கம்பி வரைந்தவள் நான்.

கட்டடம் எழும்பிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கணவர் மகளிடம், "உங்கம்மா கட்டின ஜெயில்" என்று காட்டத் தவறுவதில்லை. போன வாரம் பஸ்ஸில், அது என்ன கட்டடம் என்று பக்கத்து சீட் அம்மா கேட்க, மகள், "எங்கம்மா ஜெயில்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவைத்தாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உள்ள உங்காளுங்க யாராச்சும் கீறாங்களாம்மா?"