மழைப் போத்தலும் கொடும்பாவியும்

அந்த வருஷம் மழை பெய்யாததற்கு நான் காரணம் இல்லை. முப்பது வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். வீட்டிலேயே ஒருவரும் நம்பவில்லை.

நான் எழுதிப் பழகியவன் அல்ல. ஆறாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்துவிட்டேன். கோப்பாய்ப் பக்கம், வெங்காயமும் மிளகாயும். கதைப்பதும் குறைவு. (“உவனிட்டை ஒரு சொல்லு வாங்கிறதெண்டால் ரெண்டு தேத்தண்ணி குடுக்கவேணும்” என்பார்கள்.) ஆனால் இந்தக் கதையை மற்றவர்கள் சொல்லும்போது நிறையக் கூட்டுகிறார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டைக் காலம், கரண்ட் இல்லை. ரேடியோவைச் சைக்கிள் டைனமோவில் கேட்போம். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்பது. வானிலை அறிக்கை வரும்போது மிதிப்பவர் களைத்துவிடுவார். களைக்காத நாட்களிலும் எங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்றும் இருக்காது.

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மாற்றலாகிப் போகும்போது எனக்கு இரண்டு பொருள் தந்தார். ஒன்று சுவரில் மாட்டும் வெப்பமானி. மற்றது தகரப் புனல் வைத்த கண்ணாடிப் போத்தல். மழை புனலில் விழுந்து போத்தலில் சேரும். போத்தலில் மில்லிமீற்றர் கோடுகளை அவரே கீறியிருந்தார்.

“காலமை எட்டரைக்குப் பாரும். கொப்பியிலை எழுதும். ஒரு மாரி முழுக்க ஒரு நாளும் விடாமல் எழுதினீரெண்டால் அது பெரிய விசயம். இஞ்சை இப்ப ஒருத்தரும் எழுதிறேல்லை.”

நான் செய்யப்போகும் ஒன்றைப் பெரிய விசயம் என்று அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கே கெட்டுப்போனேன்.

போத்தலை வளவின் நடுவில் ஒரு கட்டையில் வைத்தேன். கோழி ஏறாமல் சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்தேன். வெப்பமானி மாட்டுக் கொட்டிலில், நிழலில். (மாடு ஒருநாள் நக்கிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.) கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வந்த சாமான்களை எழுதும் கரும்பலகை ஒன்று இருந்தது. சாமான் வராததால் பலகை சும்மா கிடந்தது. மனேச்சரிடம் கேட்டேன். “எழுதும், எழுதும். ஏதாவது எழுதியிருந்தால் கடை திறந்திருக்கிற மாதிரி இருக்கும்” என்றார்.

அன்றிலிருந்து எழுதினேன். மழை 0.0. வெப்பம் 34. புள்ளிக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டால் படித்தவன் எழுதியது போல இருக்கும்.

பலகைக்குச் சக்தி இருப்பது எனக்குச் சீக்கிரம் தெரிந்தது. ஒருநாள் 34ஐ மாறி 43 என்று எழுதிவிட்டேன். அன்று மத்தியானம் ஒருவரும் தோட்டத்துக்கு இறங்கவில்லை. இரண்டு பேருக்கு மயக்கம் வந்ததாம். அடுத்த நாள் 33 என்று எழுதினேன். ஒருவர் துவாயைப் போர்த்திக்கொண்டு சங்கக்கடைக்கு வந்தார்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் சோக்குக் கட்டியைக் காதில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

ஐப்பசி பிறந்தது. மழை வரவில்லை. புழுதியில் விதைத்த நெல்லைப் புறாக்கள் பொறுக்கின. கிணறுகள் இறங்கின. தண்ணீர் உவர்த்தது. இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. ஊர் மழைக்குக் காத்திருந்தது. நான் மழையை அளக்கக் காத்திருந்தேன். இரண்டும் ஒன்றென்றுதான் நினைத்தேன்.

மாரியின் முதல் பெரிய மழை. அதைப் போத்தலில் பிடித்துக் கோடு பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. எட்டரைக்கு முன்னரே போய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்பேன். உள்ளே ஒரு எறும்பு கிடக்கும். பூச்சியம் எழுதுவேன்.

“இண்டைக்கும் முட்டையோ?” என்பார் மனேச்சர்.

“ஓம்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு வந்து பாருங்கோ, அண்ணை.”

நாற்பத்தொரு நாள் இப்படிப் போனது. கார்த்திகை பிறந்தும் முட்டைதான். அதற்குள் ஊரில் ஒரு கதை எழும்பிவிட்டது. எனக்கு அது என் மனைவி பூமணி சொல்லித்தான் தெரியும்.

“கிணத்தடியிலை என்னைத் தண்ணி அள்ள விடுறாளவை இல்லை.”

“ஏன்?”

“நீங்கள் அந்தப் போத்தலை எடுத்தால்தான் மழை வருமாம். விடிஞ்சாப் பொழுதுபட்டாப் பூச்சியம் பூச்சியம் எண்டு எழுதினால் எந்த மழை வரும் எண்டு கேக்கிறாளவை.”

“போத்தலுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை.”

“அப்ப ஏன் வைச்சிருக்கிறியள்?”

நான் கொப்பியை எடுத்துப் பூச்சியங்களை எண்ணினேன்.

“இஞ்சேருங்கோ, ஒரு நாளைக்கு ஒரு ரெண்டு, மூண்டு எண்டு போட்டால் என்ன? ஆர் பாக்கப் போகினம்?”

“பொய் எழுதேலாது.”

அவள் வெறும் குடத்தைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நான் அதற்குள் எட்டிப் பார்த்தேன். (என்னத்துக்குப் பார்த்தேன் எண்டு தெரியாது. பழக்கம்.)

அந்தக் கிழமை வாசிகசாலையில் கூட்டம். மனேச்சர்தான் தலைமை. சங்கக்கடை, வாசிகசாலை, கோயில் சபை, மரணாதாரச் சங்கம் எல்லாவற்றிலும் அவர் இருந்தார். மரணாதாரச் சங்கம் என்றால் ஊரில் செத்தவீடுகளை ஒழுங்காக நடத்திக் கொடுப்பது. அந்த அனுபவத்தில் சொன்னார்:

“கொடும்பாவி கட்டி இழுப்பம்.”

மழை பொய்த்தால் முந்திச் செய்வதுதான். வைக்கோலில் பெரிய பாவி ஒருவனைக் கட்டி, வெள்ளை மூடி, செத்தவீடு போல அழுது, ஊரெல்லாம் இழுத்துப்போய் எரிப்பது. பாவி எரிந்தால் மழை வரும். எங்கள் ஊரில் இழுத்து இருபது வருஷம் இருக்கும்.

ஒருவர் எழும்பி, “சரி, ஆர் பாவி?” என்று கேட்டார்.

எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பாவிகளுக்குப் பஞ்சமான காலம் அல்ல அது. ஆனால் பெரிய பாவிகளின் பெயரை வாயால் சொல்ல முடியாது. சின்னப் பாவிகள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். பெயர் சொல்லக்கூடியவனாகவும் வேண்டும், திருப்பி ஒன்றும் செய்யாதவனாகவும் வேண்டும்.

“அதை உபகுழுவிட்டை விடுவம்” என்றார் மனேச்சர்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கையை உயர்த்தினேன். மழை வரட்டும் என்றுதான். உபகுழுவில் யார் யார் என்று கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் மனேச்சர் என் தோளில் கை போட்டார்.

“தம்பி, கொள்ளி நீர்தான் வைக்கவேணும். சபையின்ரை விருப்பம்.”

“நானோ?”

“மழைக்காக ஊரிலை இவ்வளவு பாடுபட்டது வேறை ஆர்?”

என் சேவையை ஊர் கவனித்திருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பூமணியிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “நல்லது, வடிவாய்ச் செய்யுங்கோ” என்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊர்வலம். நான் வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டி, வெறும் மேலோடு, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் சங்கும் சேமக்கலமும். அதற்குப் பின்னால் ஒரு பழைய ஏணியில் கொடும்பாவியைக் கிடத்திக் கயிற்றால் இழுத்து வந்தார்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை மூடியிருந்தது. நெஞ்சில் மட்டும் ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. வைக்கோல் சரியாகக் கட்டவில்லை என்று நினைத்தேன்.

பெண்கள் அழுதார்கள். நல்ல அழுகை.

“எண்ணி எண்ணி எழுதினியே, என்ரை ராசா! எங்கடை வானத்தைப் பூட்டினியே!”

எண்ணி எழுதினது யார் என்று எனக்கு ஓடவில்லை. கொள்ளி வைப்பவன் துக்கமாக இருக்க வேண்டும் என்பதில்தான் கவனம். எல்லோரையும் விடப் பூமணிதான் திறமாக அழுதாள். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். இவ்வளவு பொது அக்கறை உள்ளவளா என்று எனக்கே ஆச்சரியம்.

ஊருக்கு வெளியே வெட்டையில் பனைமட்டை அடுக்கியிருந்தார்கள். அதில் ஏற்றினார்கள். மனேச்சர் முறை தெரிந்தவர்.

“தம்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நில்லும். பின்கையாலை வையும். வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் நடவும்.”

செத்தவீட்டு முறையும் அதுதான். வைத்தேன். நடந்தேன். பத்து அடி போயிருப்பேன். பின்னால் ‘படார்’ என்று ஏதோ வெடித்தது.

அந்தக் காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குப்புற விழுவோம். நானும் விழுந்தேன். பிறகு கண்ணாடி சிதறும் சத்தம் கேட்டது. படுத்தபடியே திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைத் துணி எரிந்து போயிருந்தது. வைக்கோல் மனிதன் நெஞ்சில் ஒரு தகரப் புனல் நெருப்புக்குள் நிமிர்ந்து நின்றது. அதன் கீழே உடைந்த போத்தலின் கழுத்து. அந்தக் கணம் என் மனதில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஊரில் இன்னொருவரும் மழை அளந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு வைக்கோல் மனிதன் போட்டிருந்த சேட்டைக் கண்டேன். நீலக் கட்டம், பையில் தையல். காதில் ஒரு சோக்குக் கட்டியும் இருந்தது.

எழும்பினேன். ஊரே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு தெரிந்தது.

“அது என்ரை போத்தல்” என்றேன்.

“ஊருக்காகத்தானே, தம்பி” என்றார் மனேச்சர்.

“அது என்ரை சேட்.”

“பழைய சேட்” என்றது ஒரு குரல். பூமணி.

“நீயோ குடுத்தனி?”

“ஓம், நான்தான். போத்தலையும் நான்தான் எடுத்துக் குடுத்தனான். எனக்குத் தண்ணி அள்ளவேணும்.”

நான் அவளோடு சண்டை பிடிக்கவில்லை. ஒன்றை மட்டும் மனேச்சரிடம் கேட்டேன்.

“இப்ப மழை வந்தால் எதாலை அளக்கிறது?”

“மழை வந்தால் ஏன் அளக்கிறது? வந்தது எல்லாருக்கும் தெரியுந்தானே.”

அதோடு அணை உடைந்தது. ஊர் முழுவதும் சிரித்தது. சேமக்கலம் அடித்தவர் நிலத்தில் குந்திச் சிரித்தார். பூமணி முகத்தை மூடாமலே குலுங்கினாள்.

அடுத்த நாள் மத்தியானம் மழை வந்தது.

வந்தது என்று சொன்னால் போதாது. ஒழுங்கை ஆறாக ஓடியது. நான் வளவுக்குள் இறங்கினேன். கட்டையும் முள்ளுக்கம்பியும் மட்டும் நின்றன. அடுப்படியிலிருந்த தாச்சியை வைத்தேன். கேத்திலை வைத்தேன். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சிரட்டையையும் வைத்தேன். எல்லாம் நிறைந்து வழிந்தன. எத்தனை மில்லிமீற்றர் என்று தாச்சியிடம் எப்படிக் கேட்பது? (பக்கம் நேரான எந்தத் தகரமும் போதும், அடிமட்டக் கோலை உள்ளே விட்டால் அளவு வரும் எண்டு பேந்துதான் ஒரு வாத்தியார் சொன்னார். வீட்டிலை பிஸ்கற் தகரம் மூண்டு கிடந்தது.)

பூமணி வாசலில் குடத்தோடு நின்று பார்த்தாள்.

“உள்ளுக்கு வாங்கோ. காய்ச்சல் வரப்போகுது.”

“எவ்வளவு எண்டு எழுதிறது?”

அவள் வானத்தைப் பார்த்தாள். என் தலையிலிருந்து வடிந்ததைப் பார்த்தாள்.

“நிறைய எண்டு எழுதுங்கோ.”

அடுத்த நாள் காலை எட்டரைக்குச் சங்கக்கடைக்குப் போனேன். விறாந்தை நிறைய ஆட்கள். எழுதினேன். மழை: நிறைய.

மனேச்சர் வெளியே வந்து வாசித்தார். தலையை ஆட்டினார். “இப்பதான் தம்பி நீர் சரியாய் எழுதியிருக்கிறீர்” என்றார். அரை மில்லிமீற்றருக்காக நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்த நாட்களில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. ஒருவர் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். பூமணிக்குக் கிணற்றடியில் முதல் துலா, முதல் ஆளாகத் தண்ணீர் அள்ளினாள்.

கொப்பியில் அந்த நாளுக்கு எதிரே இன்றும் நிறைய என்றுதான் இருந்திருக்கும். தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது கொப்பி வீட்டோடு போய்விட்டது. என் பெயரும் போய்விட்டது. கொடும்பாவி என்று கேட்டால்தான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். கல்யாண அழைப்பிதழில் மட்டும் பெற்றோர் கொடுத்த பெயரைப் போடுவார்கள், அதுவும் அடைப்புக்குறிக்குள். மழை பிந்தினால் ஊர்ச்சபையிலிருந்து இரண்டு பேர் மரியாதையாக வந்து படலையில் நிற்பார்கள். வந்த காரியத்தைச் சொல்ல மாட்டார்கள். பூமணி உள்ளே போய் ஒரு சேட் எடுத்து வருவாள். நான் தடுப்பதில்லை. மூன்று தரம் எரிந்துவிட்டேன். இரண்டு தரம் மழை வந்தது.

போன வருஷமும் ஐப்பசி காய்ந்தது. கனடாவிலிருந்து மகள் ரெலிபோன் எடுத்தாள். தாயோடுதான் கதைத்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“அம்மா, அங்கை மழையோ?”

“எங்கை பிள்ளை. ஒரு துளியும் இல்லை.”

“அப்ப இன்னும் அப்பாவைக் கொளுத்தேல்லையோ?”

“ஆக்கள் வந்து கேட்டவை. சேட் தோய்ச்சுக் கொடியிலை போட்டிருக்கிறன். காயட்டும்.”