கப்பலுக்கு ஒரு பெட்டி

'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம்தான் கேட்டது. வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த பிரீதா போனைக் கட் பண்ணினாள். திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் நடேஷ் கையில் டிரில்லிங் மெஷினோடு, வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டவன் போல நின்றிருந்தான்.

"என்ன மாமா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஓட்டை போடணும்னு சொன்னல்ல, போட்டுட்டேன்."

"நான் போடணும்னு சொன்னேன். உன்னப் போடச் சொன்னனா?"

"ஓட்டை சூப்பரா வுழுந்துருக்கு," என்றான் நடேஷ். "கூடவே ஒரு கோடும் வுழுந்துருக்கு."

ஓடிவந்து பார்த்தாள். கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட்டின் ஓரத்தில், காற்றோட்டத்துக்கென்று அவள் குறித்துவைத்த இடத்தில், அழகான ஓட்டை. அதிலிருந்து கிளம்பி இரண்டு இன்ச் நீளத்துக்கு விரிசல். அக்ரிலிக்குக்கு ஓட்டை போடுவதென்றால் அடியில் பலகை கொடுத்து, மெஷினை மெதுவாக ஓடவிட்டு, விட்டு விட்டு இறக்க வேண்டும். நடேஷ் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு எதிலுமே மெதுவாக என்றொரு கியர் கிடையாது.

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது பிரீதாவின் பட்டறை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு ரம்ப மேசை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். ஆறு வருஷம் கடலூரில் சிங்காரம் கடையில் ஷீட் அறுத்தவள், போன வருஷம் தனியாக வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து 'டாக்டர் உள்ளே', 'டாக்டர் வெளியே', 'செருப்பை இங்கே விடவும்' என்று பலகைகளாகவே செய்து தள்ளினாள். கிளம்பும்போது சிங்காரம் சொன்னது ஒன்றுதான். "பலகையோட நிறுத்திக்க. பெட்டி கிட்டின்னு எறங்கிடாத, அதெல்லாம் உனக்கு வராது." அந்த வார்த்தை அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றிருந்தது.

இப்போது செய்துகொண்டிருப்பது பெட்டி. முதல் பெட்டி.

பரங்கிப்பேட்டை நைனா முகம்மது பாய் கொடுத்த வேலை அது. முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தான் வேலை பார்த்த கப்பலைத் தேக்குத் துண்டிலும் செப்புக் கம்பியிலும் மூன்று வருஷம் உட்கார்ந்து குட்டியாகச் செய்திருக்கிறார். அளவெடுக்கப் போன அன்று அதைப் பார்த்து பிரீதா டேப்பை எடுக்கவே மறந்துவிட்டாள். கைப்பிடிச் சுவர், ஏணி, உயிர்காக்கும் படகு எல்லாம் நகக்கண் அளவில் அப்படியே இருந்தன. சமையலறைக்கு மட்டும் ஒரு புகைபோக்கி ஜாஸ்தி. "அது என் ஆசைக்கு வச்சது," என்று பாய் வெட்கப்பட்டார்.

அந்தக் கப்பலைத் தூசியிலிருந்தும் குழந்தைகள் கையிலிருந்தும் காப்பாற்ற ஒரு பெட்டி. கண்ணாடி மாதிரித் தெளிவாக, அடியில்லாமல், மேலிருந்து கவிழ்க்கிறாற்போல். வெள்ளிக்கிழமை அவர் மகன் ரிஸ்வானுக்குப் பெண் பேசி முடிக்கப் பாதி ஊர் அந்த வீட்டுக் கூடத்தில் கூடுகிறது. அத்தனை பேரும் பெட்டியைப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். கேட்டால், டாக்டர் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் பிரீதாவுக்கு இனி கவலையில்லை. அவள் மொத்த நம்பிக்கையும் அந்த வெள்ளிக்கிழமையில் இருந்தது.

இன்று செவ்வாய்.

"இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்றான் நடேஷ். "கீழ ரெண்டு இன்ச்ச அறுத்துட்டா விரிசலும் போயிடும், ஓட்டையும் போயிடும். பெட்டி கொஞ்சம் குட்டையாவும், அவ்ளோதான?"

யோசனை கேவலமாக இருந்தாலும் வழி அதுதான். பிரீதா பாய்க்குப் போன் போட்டாள். மறுமுனையில் 'கடகட' என்று ஏதோ ஓடுகிற சத்தம்.

"பாய், பெட்டி ஒசரத்துல ரெண்டு இன்ச் கொறைச்சுக்கலாமா? கப்பலுக்கு மேல அஞ்சு இன்ச் சும்மாத்தான் இருக்குது."

"இரும்மா, உள்ள கேட்டுச் சொல்றேன்."

கடகட நின்றது. குசுகுசு. மறுபடி கடகட.

"கொறையக் கூடாதாம்மா. முப்பத்தாறுக்குப் பதினாலு, ஒசரம் இருபத்திரெண்டு. ஒரு நூலு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. பிரீதாவுக்குப் புரியவில்லை. கப்பல் நிற்கிற மேசையைச் சுற்றி ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம். அங்கே எதற்கு நூல் கணக்கு?

"கப்பல்காரங்க இல்லியா, எல்லாம் கணக்காத்தான் இருப்பாங்க," என்று நடேஷ் விளக்கம் கொடுத்தான்.

புதன்கிழமை காலையில் ஒரே ஒரு பக்கத்துக்கு ஷீட் வாங்கக் கடலூருக்குப் போனார்கள். சிங்காரம் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"என்னம்மா, பலகை ஒடஞ்சிடுச்சா?"

"இல்லண்ணே. பெட்டிக்கு ஒரு துண்டு கம்மியாப் போச்சு."

"பெட்டியா!" என்றவர், சுவரோரம் சாத்தியிருந்த ஒரு துண்டைக் காட்டினார். "நீ அப்ப வாங்குன லோடுல இது ஒண்ணுதான் மிச்சம். வேணும்னா எடுத்துக்க."

வெயில் படுகிற சுவர். எத்தனை மாதம் நின்றதோ, ஷீட்டின் மேல் ஒட்டி வருகிற காப்புத் தாள் வெந்து, ஷீட்டோடு ஒன்றிப் போயிருந்தது. உரித்தால் தபால்தலை அளவில் பிய்ந்து வந்தது. ஆனால் பிரீதா அசரவில்லை. பட்டறைக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஷீட்டின்மேல் போர்த்தினாள். ஒரு மணி நேரம் ஊறினால் தாள் தானாகக் கழன்று வரும்.

"தொடாத," என்று நடேஷிடம் சொல்லிவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போனாள்.

திரும்பி வந்தபோது ஷீட்டில் ஒரு பொட்டுத் தாள் இல்லை. நடேஷ் பூரித்துப்போய் நின்றான்.

"பாத்தியா? ஒரு மணி நேர வேல, அஞ்சு நிமிசத்துல!"

"எதுல தொடச்ச?"

"வண்டி பெயின்ட் தொடைக்கிற தின்னர்ல."

பிரீதா ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வற்றிய குளத்துத் தரையைப் போல உடம்பெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அக்ரிலிக்கைத் தின்னரில் துடைப்பதும் ஒன்று, அடுப்பில் வைப்பதும் ஒன்று. அவள் மடங்கி உட்கார்ந்து அழுதுவிட்டாள். நடேஷுக்கும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் வேணும்னா அந்தப் பாய் கால்ல வுழுந்து..."

"ஒண்ணும் வேணாம். நீ எதையும் தொடாம இரு மாமா, அதுவே பெரிய ஒத்தாச."

வியாழன் மறுபடி கடலூர். பழைய லோடு தீர்ந்துவிட்டது. புது லோடு ஷீட்டும் பெயருக்கு அஞ்சு எம்எம்தான், அளந்து பார்த்தால் நாலரை. பழைய பக்கங்களோடு சேர்த்தால் மூலையில் படி விழும். புதுத் துண்டைக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, பழைய பக்கங்களுக்கு வெளியே ஓரம் நீட்டி ஒட்டினால் படி தெரியாது. அதற்கு அளவில் ஒரே ஒரு நூல் கூட வேண்டும். கடைவாசலிலிருந்தே போன் போட்டாள். கடகட, குசுகுசு, கடகட.

"கூடக் கூடாதாம்மா."

"யாரு பாய் அப்படிச் சொல்றது?"

"வீட்டுல," என்றார் பாய், அதற்கு மேல் அப்பீல் இல்லை என்கிற குரலில்.

ஆக ஒரு ஓட்டையில் தொடங்கியது ஒரு பக்கமாகி, இப்போது ஐந்து பக்கமும் புதிதாக அறுத்தாக வேண்டும் என்று வந்து நின்றது. பிரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு குடோனுக்குள் போனாள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு முழு ஷீட்டை இழுக்கச் சொன்னாள். நான்கு மூலையிலும் அளவுக்கருவி வைத்துப் பார்த்தாள். ஒன்றை ஒதுக்கினாள், இரண்டை ஒதுக்கினாள். மூன்றாவதைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். சிங்காரம் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவள் செய்தது வேலை. காப்புத் தாளை உரிக்காமலே மேலே கோடு போட்டு அறுத்தாள். ரம்பத்தின் பல் தெரிந்த ஓரங்களைச் சுரண்டி, உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். முரட்டுத் தாள், நடுத்தரம், மிருது, இன்னும் மிருது. அந்த ஓரத்தில் விரலை ஓட்டினால் விரலுக்கே கூச்சம் வரும். காற்று ஓட்டையையும் இந்தத் தடவை அவளே, விட்டு விட்டு இறக்கிப் போட்டாள். நடேஷ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டும் வேலை. இரண்டு பக்கம் சேருகிற இடுக்கில் ஊசி முனையை வைத்து ஒட்டு மருந்தை லேசாக அழுத்தினால், அது தானே ஓடி மறுமுனையில் போய் நிற்கும். கை நடுங்கினால் குமிழி. அவசரப்பட்டால் வெள்ளைக் கறை. இரண்டு நாள் கண்ணைத் துடைத்த கை அது, ஆனால் ஒரு இடுக்கில்கூடக் குமிழி விழவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேசைமேல் பெட்டி நின்றது. நின்றது என்று சொல்வதே தப்பு, அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நீளம் முப்பத்தாறு, அகலம் பதினாலு, உயரம் இருபத்திரெண்டு. ஒரு நூல் கூட இல்லை, குறையவும் இல்லை.

"பிரீ," என்றான் நடேஷ். "நீ பெரிய ஆளுடி."

அடி ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினாள். 'பிரீதா அக்ரிலிக்ஸ், சிதம்பரம்', கீழே போன் நம்பர். பார்க்கிறவர் கண்ணில் படவேண்டும், அழகையும் கெடுக்கக் கூடாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவே கால் மணி நேரம் ஆனது.

வண்டியின் பின்னால் மெத்தை விரித்து, பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் அணைத்தபடி பிரீதா உட்கார்ந்துகொண்டாள். பரங்கிப்பேட்டை வரை நடேஷ் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வந்த மீன்வண்டிக்காரர் ஹாரன் அடித்துக் களைத்துப்போய், கடைசியில் இவர்கள் ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறார்கள் என்று எண்ணி ஹாரனை நிறுத்திவிட்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து பாய் வீட்டில் இருந்தார். கூடத்தில் புதுத் திரைச்சீலைகள், கருஞ்சிவப்பில் மஞ்சள் பூப்போட்டுத் தொங்கின. விருந்தாளிகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பிரீதாவும் நடேஷும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கப்பல்மேல் இறக்கினார்கள். கொடிமரத்தின் நுனிகூட உரசவில்லை.

பாய் குனிந்து பார்த்தார். கப்பலின் மேல்தளத்தில் ஒரு தூசி இருப்பதாக அவருக்குப் பட்டது. ஊதப் போனார். மூக்கு 'டங்' என்று பெட்டியில் இடித்தது.

பாய் மூக்கைத் தடவிக்கொண்டே சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தொரு வருசத்துல எங்க கப்பல இவ்ளோ சுத்தமா நானே பாத்ததில்லம்மா. மாஷா அல்லாஹ்! இது கையா, என்னா இது?"

பிரீதாவுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் போலிருந்தது. அந்த மூக்கு இடித்த சத்தத்தைச் சிங்காரம் கேட்டிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து பாயின் மனைவி ஆரிபா வந்தார். பின்னால் அவர் மகள் ஷாசியா. ஆரிபா கப்பலைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்துப் பெட்டியை நீளம், அகலம், உயரம் என்று மூன்று தடவை அளந்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு நூலு மாறல. இந்த மாதிரி வேலய நான் பாத்ததே இல்ல தங்கச்சி. ஷாசியா, அத எடுத்தா."

ஷாசியா உள்ளே போய், மடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். கருஞ்சிவப்பு, மஞ்சள் பூ. ஆரிபா அதை உதறி, ஒரே வீச்சில் பெட்டியின் தலைவழியே இறக்கினார். நான்கு மூலையும் மூலையில் போய் உட்கார்ந்தன. சுற்றிலும் கொசுவம் வைத்த ஓரம் மேசையை முத்தமிட்டுக்கொண்டு நின்றது. கப்பல் இல்லை. பெட்டி இல்லை. ஸ்டிக்கர் இல்லை. ஜன்னல் திரைக்குப் பொருத்தமாக ஒரு பூப்போட்ட செவ்வகம் மட்டும் கூடத்தின் நடுவே இருந்தது.

பாய் தரையைப் பார்த்தார். நடேஷ் பிரீதாவைப் பார்த்தான். அவள் கை சும்மா இருக்கவில்லை, போய் அந்தத் துணியின் மூலையைத் தடவியது. ஒரு சுருக்கமில்லை, ஒரு பிசிறில்லை. ஓரங்கள் அவள் தேய்த்த ஓரங்களைப் போலவே நேராக ஓடின. அவளால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

"பெட்டியப் பாக்காமலே அதுக்கு இவ்ளோ கரெக்டா எப்படிக்கா கவரு தைச்சீங்க?"

ஆரிபா வெட்கப்பட்டுச் சிரித்தார். பதில் சொன்னவள் ஷாசியா.

"பெட்டிக்குக் கவரு தைக்கலக்கா, கவருதான் மொதல்ல. வெறுங்கப்பல் மேல போட்டா தொவண்டு தொவண்டு வுழுந்துச்சு, அது நிமுந்து நிக்கத்தான் உள்ளுக்கு ஒரு பெட்டி கேட்டோம்."